ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா?

மீனா: நவீனுக்குத் தட்டம்மை. டாக்டர் உறுதி செய்துவிட்டார். நேற்றுதான் உடம்பில் தடிப்பு வந்தது. ஞாயிறு நாங்கள் வரவில்லை.

ராஜி பெரியம்மா: ஐயோ. காய்ச்சல் எவ்வளவு?

மீனா: 102

ரகு: அப்போ தேதியை மாற்றலாமா?

சேகர் மாமா: எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதில் வந்ததுதான். வந்து போனால் உடம்பு தேறிவிடும்.

கவிதா: இல்லை மாமா, நேர்மாறு. என் வேலையே இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துச் செல்லைத் தொட்டதும் உள்ளே ஸ்டாட்1, ஸ்டாட்2 என்ற இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து உட்கருவுக்குப் போய், வைரஸை எதிர்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடும். தட்டம்மை வைரஸின் 'வி' புரதம் அந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சேதி வாசல் வரை வருகிறது, உள்ளே போய்ச் சேருவதில்லை.

ராஜி பெரியம்மா: மீனா, கண்ணைத் திறக்கிறானா?

மீனா: வெளிச்சம் பட்டால் கூசுகிறது. திரை போட்டிருக்கிறேன்.

கவிதா: இன்னொன்று. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களின் மேல் ஸ்லாம் என்று ஓர் ஏற்பி உண்டு. செல்கள் தங்களுக்குள் சேதி பேச வைத்திருப்பது. வைரஸ் அதையே கதவாக்கிக்கொண்டு அந்தச் செல்களை அழிக்கிறது. 2019 ஆய்வு ஒன்றில், தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த 77 குழந்தைகளிடம் ஏற்கெனவே இருந்த ஆன்டிபாடிகளில், அதாவது நோயை எதிர்க்கும் புரதங்களில், 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. எங்கே மாமா தேறுவது?

சேகர் மாமா: ஊசியிலும் அதே வைரஸ்தானே?

கவிதா: பலம் குறைத்தது. ஊசி போட்ட குழந்தைகளிடம் அந்த இழப்பு இல்லை.

சேகர் மாமா: இதெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்?

ராஜி பெரியம்மா: சொன்னால் கேட்டாயா சேகர்? அம்மா படுத்திருந்தபோதும் இதே கதைதான்.

ரகு: பெரியம்மா, அது இப்போது வேண்டாம்

சுதா: புதன்கிழமை நாங்கள் மீனா வீட்டில் இருந்தோமே. பாப்பாவுக்கு 7 மாதம். ஊசி போடவில்லை.

கவிதா: தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். சுதா, இப்போதே டாக்டருக்குப் போன் செய். மற்ற குழந்தைகள் இருக்கும் இடத்தில் போய் உட்காராதே. வைரஸ் பட்ட நாளிலிருந்து 6 நாட்களுக்குள் என்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் ஆன்டிபாடி, கொடுக்கலாம். நாளை என்று தள்ளாதே.

சுதா: லைன் கிடைக்கவில்லை அக்கா

கவிதா: மறுபடி போடு. நானும் முயல்கிறேன்.

ரகு: ஞாயிறு என்ன செய்வது? அடுத்த வாரம் என்றால் மாமா ஊரில் இல்லை.

ராஜி பெரியம்மா: முதலில் பாப்பா விஷயம் தெரியட்டும்

சேகர் மாமா: மீனா, ராத்திரி நான் வந்து நவீன் பக்கத்தில் உட்காருகிறேன். நீ கொஞ்சம் தூங்கு. எனக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே.

மீனா: வாருங்கள் மாமா