எர்துருல் என்ற துருக்கித் தொடரைப் பார்த்தவர்களே, இன்னும் மனதில் கிடக்கும் காட்சி எது?

அக்கரைப்பற்றுத் தம்பி:
2020 ஊரடங்கு. கதை எல்லோருக்கும் தெரியும், சொல்லவில்லை. எர்துருலின் தோழன் துர்குத்தை டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர் வீரர்கள் பிடித்து, மருந்து கொடுத்து ஆளையே மாற்றிவிடும் பகுதி. கண்ணை மட்டும் திரை நிறையக் காட்டுகிறார்கள். பார்வை இருக்கிறது, ஆள் இல்லை. துருக்கி ஒரு சொல்லும் விளங்காது, சப்டைட்டிலையும் வாசிக்க மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த காக்கா, என் மூத்த சகோதரர், சட்டென்று எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி விழுந்த சத்தம் கேட்டது, இறைத்த சத்தம் கேட்கவில்லை. கடை விஷயமாக இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கிழமைதான் ஒரே போனில் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

பாண்டிருப்பான்:
குளோசப், ஸ்லோமோஷன், பின்னால் ஒரு முரசு. அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் பாரதக் கதை நடக்கும். வனவாசம் போகும் நாளில் ஐந்து பேரும் தெருவால் வருவார்கள். சின்ன வயதில் நான் பார்த்தபோது வீமனாக வந்தவர் எங்கள் மீன்காரர். தினமும் படலையில் நின்று "தங்கச்சி, மீன்!" என்று கத்துகிற மனிதர், அன்று கும்பிட்டு நின்ற அம்மாவைக் கடந்து போனார். முகம் திரும்பவே இல்லை. கேமராவா வைத்தார்கள்?

வாவிக்கரை:
அண்ணன், கோயிலையும் தொடரையும் ஒரே தராசில் போடுவதா? என் அனுபவம் சின்னது: எர்துருலின் இன்னொரு தோழன் பம்சியின் இரட்டை வாளைப் பார்த்துவிட்டு மகன் இரண்டு அகப்பைக் காம்பை உடைத்தான். சரி, புதிதாகப் பார்ப்பவர்களுக்கு: டப்பிங் வேண்டாம், துருக்கியிலேயே பாருங்கள். 2014 முதல் 2019 வரை 5 சீசன், மொத்தம் 150 அத்தியாயம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சில தளங்களில் அதையே துண்டாக்கி 400க்கு மேல் காட்டும், குழம்பாதீர்கள். இரவு டேட்டாவில் இறக்கி வையுங்கள். அப்புறம், பிள்ளைகளுக்கு இதை வரலாறு என்று சொல்லாதீர்கள். எர்துருல், உதுமானியப் பேரரசை நிறுவிய ஒஸ்மானின் தந்தை என்பதற்கு மேல் உறுதியாகத் தெரிந்தது சொற்பம். மற்றதெல்லாம் எழுதியவர்கள் கற்பனை.

அக்கரைப்பற்றுத் தம்பி:
டப்பிங் பற்றி யார் கேட்டது? பாண்டிருப்பு அண்ணன், மீன்காரர் பிறகு வந்தாரா?

பாண்டிருப்பான்:
தீமிதிப்பு முடியும்வரை மீன் ஏது தம்பி. முடிந்ததும் வந்தார், வழமைபோல் நிறையில் குறைத்தார். உங்கள் காக்கா?

அக்கரைப்பற்றுத் தம்பி:
முகம் துடைக்காமல் வந்து இருந்தார். "கொஞ்சம் பின்னால போடு" என்றார். போட்டேன்.