சாட்சி வேண்டாம், பார்த்த ஆளைச் சொல்லுங்கள்

அருமனைக்காரன்:

நற்செய்திக் கூட்டங்கள் நடக்கும் கன்வென்ஷன் சீசன் முடிந்தது. இனி ஒரு மாதத்துக்கு எல்லா சபையிலும் சாட்சி கேட்கலாம். "நான் இப்படி இருந்தேன், கர்த்தர் என்னை இப்படி மாற்றினார்." நானும் சொல்லியிருக்கிறேன், மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். அதனால் இங்கே ஒரு நிபந்தனை. தன்னைப் பற்றி யாரும் சொல்லக் கூடாது. கிறிஸ்துவின் சாயல் கொஞ்சமாவது தெரிந்த ஓர் ஆளை நேரில் பார்த்திருந்தால் அந்த ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

நானே தொடங்குகிறேன். கதையில் நானும் வருவேன், ஆனால் நல்ல வேஷத்தில் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் எனக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் வெட்ட வருகிறவர் கேரளத்து வெள்ளறடைப் பக்கத்துக்காரர். எல்லை தாண்டி முன்பு சைக்கிளில் வருவார், இப்போது பைக். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுபோகும் என்பதால் விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார். மரக்கணக்கில் கூலி. பால் எடுத்த பிறகு சிரட்டையிலும் வெட்டுத் தடத்திலும் உறைந்து ஒட்டிக் கிடப்பதை ஒட்டுபால் என்போம். பாலை உறையவைத்துச் செய்யும் ஷீட்டைவிட விலை குறைவுதான், ஆனாலும் சாக்கு நிறைந்தால் காசு.

இனி என்னைப் பற்றி. வருஷா வருஷம் பிப்ரவரியில் வேன் பிடித்து மாராமணுக்குப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். மார்த்தோமா சபையார் 1895-ல் தொடங்கிய கன்வென்ஷன் அது. பம்பை ஆற்று மணலில் பந்தல் போட்டு எட்டு நாள் நடக்கும். மலையாளப் பிரசங்கம் எனக்குப் பாதி புரியும், மீதியை அழுது சமாளிப்பேன். திரும்பி வந்தால் ஒரு வாரம் வீட்டில் சத்தமே இருக்காது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. என் வீட்டுக்காரி சொல்வாள்: "செருப்புல மாராமண் மணல் இருக்கது வரைக்கும்தான் உங்களுக்க பரிசுத்தம்."

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை. வெட்டுக்காரர் பாலை டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து வைத்தார், கையைக் கழுவினார், வழக்கமாக உட்காரும் படியில் உட்காராமல் நின்றார். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு ஒன்று வந்தது. "சாரே, மூணு வருஷமா ஒட்டுபால்ல பாதியை நான் பனச்சமூட்டுல கொண்டு வித்திருக்கேன். எழுதி வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க." தேதி, கிலோ, ரூபாய். ஞாபகம் வராத இடத்தில் கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் கூடுதலாகவே ஒரு தொகை. நோட்டுக்கு அடியில் பணம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். அவர் முன்னாலேயே, எச்சில் தொட்டு எண்ணினேன். 8,400 ரூபாய். "சரியா இருக்கு" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆளைச் சொல்லாமல், இதையே ஜெபக்கூட்டத்தில் ஒரு சாட்சியாகவும் எடுத்துவிட்டேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

ராத்திரி சாப்பாடு போடும்போது வீட்டுக்காரி கேட்டாள்: "அந்த நாப்பது மரத்துக்கு அவருக்குக் கூலி குடுத்தியளா?"

ரப்பர் நட்டால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும். ஓரத்தில் பின்னால் நட்ட நாற்பது மரம் வெட்டுக்கு வந்து மூன்று வருஷம் தாண்டியிருந்தது. 340 மரம் வெட்டுகிறார், நான் பழைய கணக்கில் 300-க்கே கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மறந்துபோனது என்று எழுதத்தான் கை வருகிறது. மறக்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கட்டன் சாயா தந்தார், வேகவைத்த மரச்சீனிக் கிழங்கு தந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "எனக்குத் தெரியும் சாரே. மரத்தை எண்ணுறது நானில்லியா?"

"அதுக்குத்தான் ஒட்டுபால் எடுத்தீங்களா?"

"அப்படித்தான் மனசுக்கு சமாதானம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நோட்டைக் கொண்டுவந்த அன்று அந்த நாற்பது மரத்தை அவர் வாயிலேயே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன், கணக்கு நேராகியிருக்கும், 8,400-ம் அவர் கையிலேயே இருந்திருக்கும். நான் செய்ததை என்னிடமே விட்டுவிட்டுத் தான் செய்ததை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். பைபிளில் வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற கதையை எத்தனை வீட்டு ஜெபத்தில் பேசியிருப்பேன்! ஆசிட் நாற்றத்துக்கு நடுவில் என் முன்னாலேயே ஒருவர் வந்து நின்றபோது நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாறசாலை மருமகள்:

அண்ணே, எண்ணினேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மீதியை அப்புறம்தான் வாசித்தேன்.

எனக்குப் பிறந்த வீடு மார்த்தாண்டம், புகுந்த வீடு பாறசாலை. பஸ்ஸில் அரைமணிக்கூர் தூரம். 1956 நவம்பர் 1-ல் மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு போனது, பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் எங்கள் சொந்தக்காரர்கள். மாமியார் பைபிளை மலையாளத்தில் வாசிப்பார், நான் தமிழில். ரோமர் 12-ல் எங்களுக்கு "மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று இருப்பது அவருக்கு "மனசு புதுக்கி ரூபாந்தரப்படுவின்". புதுக்கி என்று கேட்டால் எனக்கு ஓட்டு வீட்டைப் பிரித்து மேய்வது ஞாபகம் வரும். ஒரேயடியாக இடிப்பதில்லை, ஓடு ஓடாக மாற்றுவது.

மாமியாருக்கு நாக்கு வாள். கல்யாணமான முதல் வருஷம் நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். மோட்டார் கரண்டு வீணாகிறது என்று அதற்கும் தனித் திட்டு.

ஒரு வருஷம் லெந்து என்கிற தவக்காலத்தில் அடுக்களைக் காலண்டரில் பென்சில் கோடுகள் கண்டேன். சில கட்டத்தில் ஒன்று, சில கட்டத்தில் மூன்று. பால் கணக்காக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் பால் கணக்கு என் வேலை. கேஸ் வந்த தேதியும் இல்லை. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பாலைப் பொங்கவிட்டேன், வழக்கமான அர்ச்சனை நடந்தது, முடிந்ததும் அவர் நேரே காலண்டருக்குப் போய் ஒரு கோடு போட்டார். எனக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் நின்றார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நானும் இரகசியமாக எண்ண ஆரம்பித்தேன். வாரா வாரம் குறைந்து ஈஸ்டருக்குள் பூஜ்யம் ஆனது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. துக்க வெள்ளிக்கு முந்தைய நாள் மட்டும் நாலு. ஆனால் ஒரு மாற்றம் உண்டு. வாயைத் திறப்பார், "எடீ" என்று தொடங்குவார், அப்படியே மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார். அந்தப் பாதி "எடீ" வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்கும். அதற்கெல்லாம் கோடு இல்லை.

லெந்து முடிந்தும் கோடு நிற்கவில்லை. இன்றைக்கும் உண்டு. புதுக் காலண்டர் வாங்கினால் அதை ஆணியில் மாட்டும் கயிற்றோடு பென்சிலையும் கட்டிவிடுகிறேன். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சும்மா வாசிப்பவன்:

குறுக்கே பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். வயசானால் யாருக்கும் நாக்குத் தளரும். பயம் வந்தால் யாரும் கணக்கைத் தீர்ப்பார்கள். இதில் கிறிஸ்து எங்கே வந்தார்?

உபதேசியார் வீட்டுப் பிள்ளை:

நல்ல கேள்விதான். என் அப்பா இருந்திருந்தால் உங்களுக்குச் சாயா வாங்கித் தந்து இரண்டு மணிநேரம் பேசியிருப்பார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். மருமகள் சொன்ன மறுரூபம் என்பதற்கான கிரேக்க வினை புதிய ஏற்பாட்டில் மொத்தம் நாலு இடத்தில்தான் வருகிறது. இரண்டு இடம் மத்தேயு 17, மாற்கு 9. மலையில் இயேசுவின் தோற்றம் மாறிய நிகழ்ச்சி. மற்ற இரண்டும் பவுல் சாதாரண விசுவாசிகளைப் பற்றி எழுதியது, ரோமர் 12, இரண்டாம் கொரிந்தியர் 3. ரோமரில் அது கட்டளைதான், ஆனால் செயப்பாட்டு வினையில் இருக்கிறது. மாற்றப்பட விட்டுக்கொடுங்கள் என்கிற மாதிரி. யார் மாற்றுகிறார் என்பதை வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க முடியாது. உங்களுக்கு வயசு என்று தெரிகிறது, எங்களுக்கு வேறு மாதிரி தெரிகிறது. கோடு போடுவது அந்த அம்மா கைதான், அதையும் மறுக்கவில்லை.

என் பங்குக்கு ஒன்று. எங்கள் சபையில் தேர்தல் என்றால் தெருவில் உள்ள நாய்க்குக்கூட அணி உண்டு. ஒரு தடவை தோற்றவருக்கு அடுத்த ஞாயிறு ஜெபம் நடத்த வேண்டிய முறை வந்தது. புதிய கமிட்டிக்காக ஜெபிக்க வேண்டும். "ஆண்டவரே, உம்முடைய ஊழியர்…" என்று வந்து ஜெயித்தவருடைய பெயரில் நின்றுபோனார். தொண்டையைக் கனைத்தார். மறுபடி தொடங்கி, மறுபடி நின்றார். மூன்றாவது தடவை பெயரைச் சொன்னார், வீட்டுப்பெயரோடு சேர்த்து முழுசாகச் சொன்னார். கண்ணை மூடியிருந்த சபை முழுக்க அந்த நேரம் ஒரு கண்ணைத் திறந்தது என்பது என் சாட்சி. அவருக்கு அப்போது நாற்பது வயசுகூட இல்லை. தளர்ச்சி இல்லை, சாவு பயமும் இல்லை.

நட்டாலத்துக்காரி:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஊர்க்காரர்தான் புனித தேவசகாயம், 1712-ல் இங்கே பிறந்த நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தார், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித்தான் தேவசகாயம். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், கைதாகி எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகப்பட்டார், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். இது எங்கள் வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? எங்கள் பின்வாசல் சுவரில் ஓர் ஆணி, அதில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று தொங்கும். முற்றம் பெருக்க வருகிற அக்காவுக்கு அதில்தான் காப்பி. குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டிவிட்டுப் போவார். தினமும் ஜெபமாலை சொல்கிற என் பாட்டி வைத்த சட்டம் அது.

2022 மே 15, ரோமில் புனிதர் பட்டம். ஊரே டி.வி. முன்னால். பாட்டி கண்ணீர் விட்டார், பாயசம் வைத்தோம். மறுநாள் காப்பி அதே அலுமினிய டம்ளரில்தான். எனக்குக் கசந்தது, ஆனால் நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழிந்து, விசேஷம் ஒன்றும் இல்லாத ஒரு நாள். அடுக்களைக்குள் போனால் பாட்டி தம் காப்பியை அந்த நசுங்கிய டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருக்கிறார். வெளியே அக்கா கையில் எங்கள் எவர்சில்வர் டம்ளர். அவருக்கு ஒரே கூச்சம். குடித்து முடித்ததும் கழுவி, பழக்கத்தில் சுவரில் மாட்டப் போனார். ஆணி இல்லை. பாட்டி பிடுங்கியிருந்தார், பூச்சு பெயர்ந்து ஓட்டை மட்டும். டம்ளரைப் பிடித்தபடி அக்கா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

ஏன் அன்றைக்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாட்டி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. ஆனால் அந்த அலுமினிய டம்ளரை இன்னொருவர் தொட விடமாட்டார். அதில்தான் குடிக்கிறார்.

சும்மா வாசிப்பவன்:

சரி, ஆணிக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அருமனைக்கார அண்ணே, ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒட்டுபால் இப்போது யாருக்கு?

அருமனைக்காரன்:

நாற்பது மரத்துக்கும் பழைய பாக்கி கொடுத்துவிட்டேன், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். கூலி இப்போது 340-க்கு. ஒட்டுபால் முழுவதும் உங்களுக்கே என்று சொன்னேன். "வேண்டாம் சாரே, அதைத் தொட்டா பழைய ஞாபகம் வருது" என்கிறார். நான் விற்றால் எனக்கும் அதே ஞாபகம் வருகிறது. மூன்று சாக்கு நிறைந்து தொழுவத்து ஓரம் கிடக்கிறது. ஒட்டுபால் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரி நேற்று, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ரெண்டு பேருமா சேர்ந்து இதைத் தூக்கலேன்னா ரெண்டு பேருக்கும் சாயா கிடையாது என்று சொல்லிவிட்டாள்.