புதுச் செயின் போட்ட பிறகு அழுத்தி மிதித்தால் நழுவுகிறது, உதவி தேவை

வேளச்சேரி வாசி:
வணக்கம். செயின் தேய்ந்துவிட்டது என்று பக்கத்துக் கடையில் சொன்னதால் புதுசு போட்டேன். இப்போது மேம்பாலம் ஏறும்போதும் சிக்னலில் எழுந்து நின்று மிதிக்கும்போதும் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வருகிறது, பெடல் பிடிப்பே இல்லாமல் சட்டென்று கீழே போகிறது. பஸ் பின்னாலேயே வரும்போது இப்படி ஆனால் பயமாக இருக்கிறது. பழைய செயினில் இந்தத் தொல்லையே இல்லை. செயின் டூப்ளிகேட்டா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? வேலைக்குப் போக இந்தச் சைக்கிள்தான், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

எதிர்காற்று:
எத்தனை கியர்? எல்லாக் கியரிலும் நழுவுகிறதா, குறிப்பிட்ட ஒன்றிரண்டில் மட்டுமா? பழைய செயின் எவ்வளவு காலம் ஓடியது? செயினோடு வேறு ஏதாவது மாற்றினீர்களா?

பழைய ரோட்ஸ்டர்:
இப்போது வருகிற செயின் எல்லாமே மட்டம்தான் தம்பி. அப்பாவின் கறுப்பு 22 இன்ச் சைக்கிளில் நான் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ஒரே செயின். தளர்ந்தால் பின் சக்கரத்து நட்டை இளக்கி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்குவோம், தீர்ந்தது. நீங்கள் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு நல்ல கம்பெனி செயினாக வாங்குங்கள்.

நாலாவது கியர்:
இறுகிய கண்ணியாக இருக்கும். கடையில் செயினைக் கோர்த்த இடத்தில் பின்னை (கண்ணிகளை இணைக்கும் சிறு கம்பி) அழுத்தமாக அடித்திருந்தால் அந்தக் கண்ணி மட்டும் மடங்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலை மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். டீரெய்லரில் (பின்னால் செயினைக் கியர் மாற்றித் தள்ளும் அமைப்பு) இருக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களைத் தாண்டும்போது ஒரு கண்ணி மட்டும் துள்ளினால் அதுதான். அந்த இடத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்துவிட்டால் இளகிவிடும்.

சக்கரபாணி:
இதே கேள்வி வந்துகொண்டேதான் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் எழுதுகிறேன். கியர் எத்தனை என்றுகூடச் சொல்லாமல் ‘நழுவுகிறது’ என்றால், டாக்டரிடம் போய் எங்கே என்று சொல்லாமல் வலிக்கிறது என்பது போலத்தான். செயினை மாற்றும் முன் அளந்து பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். அளந்தீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். முதலில் விவரம் கொடுங்கள்.

வேளச்சேரி வாசி:
முன்னால் 3, பின்னால் 7. பழைய செயின் சைக்கிள் வாங்கியபோது வந்தது, மாற்றியதே இல்லை, மூன்று வருடத்துக்கு மேல் இருக்கும். கடையில் செயின் மட்டும்தான் மாற்றினார்கள். இறுகிய கண்ணி எதுவும் இல்லை, சுற்றிப் பார்த்துவிட்டேன். பின்னால் சின்னதிலிருந்து மூன்றாவது, நாலாவது பல்சக்கரத்தில்தான் நழுவுகிறது. பெரிய பல்சக்கரங்களில் போட்டால் ஒன்றும் ஆவதில்லை.

எதிர்காற்று:
இது போதும். உங்கள் செயினில் குறை இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். தேய்ந்திருப்பது பின்னால் இருக்கும் பற்கள்.

செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்குச் சரியாக அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஓடஓடச் செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, உண்மையில் தட்டு எதுவும் இழுபட்டு நீள்வதில்லை. மூட்டுக்குள்ளே பின்னும் அது உட்கார்ந்து சுழலும் இடமும் தேய்ந்து ஒவ்வொரு மூட்டும் கொஞ்சம் விலகுகிறது. மூட்டுக்கு 0.06 மி.மீ. தேய்ந்தாலே மொத்தத்தில் அரை சதவீதம் வந்துவிடும். இப்படி விலகிய செயின் பல்லின் அடிக்குழியில் உட்காராமல் மேலேறி உட்கார்ந்து, அங்கேயே அரைத்து, பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துக்கொள்கிறது. நீங்கள் தினமும் ஓட்டுவது மூன்றாவது, நாலாவது பல்சக்கரத்தில் என்றால் அவைதான் அதிகம் தேய்ந்திருக்கும். பழைய செயினும் அந்தப் பற்களும் சேர்ந்தே தேய்ந்ததால் ஒன்றுக்கொன்று பொருந்திப் போயின, அதனால்தான் அப்போது நழுவவில்லை. புதுச் செயின் சரியான 12.7-ல் வருகிறது, தேய்ந்த பல்லில் அதற்குப் பிடிப்பு கிடைக்காது, அழுத்தி மிதித்ததும் செயினின் ரோலர் (பின்னைச் சுற்றியிருக்கும் உருளை) பல்லின் மேல் ஏறித் தாவிவிடும். பெரிய பல்சக்கரங்கள் அதிகம் ஓடவில்லை, அதோடு அங்கே ஒரே நேரத்தில் நிறையப் பற்கள் செயினைப் பிடிக்கின்றன, அதனால் தப்பிக்கிறீர்கள்.

பழைய செயினைத் தூக்கிப் போடவில்லை என்றால் எஃகு அளவுகோலில் அளந்து பாருங்கள். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் ஓரத்தை 0-வில் வையுங்கள், புதுச் செயினாக இருந்தால் அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24-வது பின்னின் அதே ஓரம் மிகச் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அடி ஸ்கேல் 12-லேயே முடிந்துவிடுமே, டேப்பில் 1-ல் தொடங்கி 13-ல் பார்ப்பது வசதி. ஒன்றரை மி.மீ. தள்ளி நின்றால் செயினை மட்டும் மாற்றினால் போதும் என்ற கட்டம். மூன்று மி.மீ. தள்ளிவிட்டால் பல்லும் போயிருக்கும்.

நாலாவது கியர்:
ஒத்துக்கொள்கிறேன். இறுகிய கண்ணியாக இருந்தால் எந்தப் பல்லில் போட்டாலும் செயின் ஒரு சுற்று வரும்போதெல்லாம் துள்ளியிருக்கும். கேபிள் இழுவை சரியில்லை என்றால் மெதுவாக மிதிக்கும்போதே கடகடவென்று சத்தம் வரும். இது இரண்டும் இல்லை.

பழைய ரோட்ஸ்டர்:
அப்படியானால் எங்கள் சைக்கிளில் மட்டும் ஏன் நழுவவில்லை?

எதிர்காற்று:
ஐயா, அதில் ஒரே பல்சக்கரம், செயின் எப்போதும் நேர்கோட்டில் ஓடும், பல்லும் செயினும் அகலம். முழுச் செயின் கவர் வேறு இருந்திருக்கும், தூசியே அண்டாது. தேய்மானம் அங்கேயும் நடந்ததுதான், சக்கரத்தைப் பின்னால் இழுத்ததில் அது தெரியாமல் போனது. கியர் சைக்கிளில் டீரெய்லர் ஸ்பிரிங்கே தொய்வை இழுத்துக்கொள்வதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அளந்தால்தான் தெரியும்.

மெழுகு பிரியர்:
எல்லாவற்றுக்கும் காரணம் எண்ணெய். ரோட்டுத் தூசி எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். செயினைக் கழற்றி நன்றாகக் கழுவிக் காயவைத்து, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுங்கள். கையில் கறை படியாது, பேன்ட்டில் படியாது, செயினும் நெடுநாள் வரும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீருக்குள் பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

சக்கரபாணி:
தினமும் வேலைக்குப் போகிறவர் வாரயிறுதியில் மெழுகு உருக்கிக்கொண்டு உட்கார முடியுமா? ஒவ்வொரு ரோலர் மேலும் ஒரு சொட்டு, பெடலை நாலு சுற்று, வெளியே வழிவதைப் பழந்துணியால் சுத்தமாகத் துடைப்பது. எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே இருப்பது தூசி பிடிக்கத்தான். துடைக்கச் சோம்பல்பட்டால் எதைப் போட்டாலும் தேயும்.

கடற்கரைச் சாலை:
ஐப்பசி மழையில் மெழுகுச் செயின் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு நனைவில் மெழுகு போய்விடும், ஈசிஆர் உப்புக்காற்றில் மறுநாளே செம்பழுப்பு. ஆறு மாதம் மெழுகு, மழைக்காலத்தில் எண்ணெய், நான் இப்படித்தான்.

மெழுகு பிரியர்:
நனைந்து வந்ததும் துடைத்துக் காயவைத்தால் துரு வராது. காயவைக்காமல் விட்டால் எண்ணெய்ச் செயினும்தான் துரு பிடிக்கும்.

சக்கரபாணி:
கேட்டவர் பல்லுக்கு வழி கேட்டார், மெழுகுக்கு அல்ல. 7 கியர் என்றால் பின்னால் இருக்கும் பல்தொகுதி பெரும்பாலும் திருகிப் பொருத்தும் ஃப்ரீவீலாகத்தான் இருக்கும், செருகிப் பொருத்தும் கேசட் அல்ல. சக்கரத்தைக் கழற்றிப் பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி நுழையும் வரிப்பள்ளம் சுற்றாமல் நின்றால் ஃப்ரீவீல், கூடவே சுற்றினால் கேசட். அதற்குரிய ரிமூவர் இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்ட விடாதீர்கள். மிதிக்கமிதிக்க இறுகியிருக்கும், பெரிய ஸ்பேனர் போட்டு இடப்பக்கம் திருப்ப வேண்டும். மாற்றிய பிறகு முன் பல்லில் நழுவினால் மட்டும் அதைத் தொடுங்கள்.

நாலாவது கியர்:
இன்னொன்று. செயின் நீளம் சரியா என்று பார்க்கப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடாதீர்கள், பழையது தேய்ந்து நீண்டிருக்கும். கண்ணிகளை எண்ணுங்கள்.

வேளச்சேரி வாசி:
பழைய செயின் அளந்தேன், 3 மி.மீ.-க்கும் மேல். ஃப்ரீவீல்தான், வேறு கடையில் ரிமூவர் இருந்தது, மாற்றியாயிற்று. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன், நழுவவில்லை. முன் பல் அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

கடற்கரைச் சாலை:
புது ஃப்ரீவீலில் பெரிய பல்சக்கரம் 28 பல்லா, 34 பல்லா? 34 என்றால் அதற்குச் செயின் நீளம் போதுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.