புதுவைக்குக் குடிநீர்: கடலிலிருந்தா, ஏரியிலிருந்தா?

பாகூர்க்காரன்:
ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். தென்பெண்ணை பொங்கி எங்கள் பக்கத்து ஊர்களை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போனது. கோடை வந்ததும் டவுனில் கேன் தண்ணீர்தான். இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வேண்டும் என்கிறார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்காலைச் சீர்செய்து ஏரியைத் தூர்வாருவதுதானே முதல் வேலை? வந்த தண்ணீரைக் கடலில் விட்டுவிட்டு, அதையே காசு கொடுத்துக் கடலிலிருந்து எடுப்பதா?

சோலைநகர்ப் பெண்:
அண்ணா, எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் டீ போட்டால் கரிக்கிறது. கரையோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல தண்ணீர் ஓர் அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு சுமார் 40 அடி ஏறும். இத்தனை வருடம் போர்வெல் போட்டு உறிஞ்சியாச்சு, கடல் மட்டமும் உயர்கிறது. மழை பொய்த்த வருடம் ஏரியில் என்ன இருக்கும்? 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள்தான் தண்ணீர் கொடுத்தன.

பாகூர்க்காரன்:
அவை மட்டும் இல்லை, சகோதரி. நம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும் சென்னைக்குத் தண்ணீர் போனது. 2004-லிருந்தே போகிறது. சோழர் காலத்து ஏரி அது! அப்புறம், ஆலையில் ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். உள்ளே எடுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல் இன்னும் உப்பேறிய கழிவாகத் திரும்பக் கடலுக்கே வரும். அது உங்கள் கரையில்தானே விழும்? மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேட்டீர்களா?

கடலூர் மோட்டார் மெக்கானிக்:
30 வருடமாக போர்வெல் வேலை பார்க்கிறேன். பாகூர் அண்ணன் கோபப்படக் கூடாது. ஏரியில் அடியெல்லாம் களிமண். தூர்வாரினால் பக்கத்துக் கிணறுகள் ஊறும். ஆனால் டவுனுக்குத் தண்ணீர் தரும் ஆழமான போர் மணற்பாறையில் இருக்கிறது. அந்தப் பாறை கோரிமேடு, பண்ருட்டி பக்கத்துச் செம்மண் மேட்டில்தான் வெளியே தெரியும். அங்கே இறங்கும் மழைதான் கீழே சேரும். அந்த மேட்டில் ஒரு சின்னக் குட்டையைக்கூட விடாமல் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்று. 2024 வெள்ளத்தில் எங்கள் ஏரியா மோட்டார் அறையில் மோட்டாரை ஓட்டும் மின் பேனல் போர்டு முழுகியது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லை, ஐந்து நாள். 2011-ல் தானே புயலில் கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஆலையோ ஏரியோ, கடைசியில் மோட்டார்தான் இழுக்க வேண்டும். பேனலை வெள்ளம் ஏறிய மட்டத்துக்கு மேலே தூக்கி வையுங்கள், மேலேயே ஒரு ஜெனரேட்டரும் வையுங்கள். ஒரு மேடையும் நாலு படியும் போதும். புயலுக்குப் புயல் இதைத்தான் சொல்கிறேன்.

பாகூர்க்காரன்:
கோபமே இல்லை தம்பி. ஆழத்து போருக்கு ஏரி நேராக ஊறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் ஊர் நெல் வயலுக்கு யார் தண்ணீர் தருவது? ஏரி பாய்ந்தால் நாங்கள் போர் மோட்டாரைப் போடவே மாட்டோம். ஏரி காய்ந்தால் ராத்திரி பகலாக ஓடும், அதே மணற்பாறையிலிருந்துதான். டவுன் தண்ணீர் கரிப்பதில் எங்கள் மோட்டாருக்கும் பங்கு உண்டு.

சோலைநகர்ப் பெண்:
அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. வாய்க்கால் வேலையை இந்த மழைக்கு முன்னாலேயே தொடங்கட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் உப்பு ஏறிவிட்ட நிலம் மாற எத்தனையோ வருடம் ஆகும். அதுவரை என் பிள்ளைகள் எதைக் குடிப்பது? அதனால் சின்ன அளவிலாவது ஆலை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. உப்புக் கழிவைக் கடலுக்குள் எத்தனை தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து முதலில் சொல்லட்டும். அதைச் சொல்லாமல் எங்கள் கரையில் ஒரு குழாய் இறங்க விடமாட்டோம்.