ஆக்ஸில் பூட் கிழிசல்: பூட் மட்டும் போதுமா, முழு ஷாஃப்ட்டா?

குன்னூர்க்காரன்:
2011 மாடல் கார். வாரம் மூன்று முறை கோத்தகிரி போய்வருவேன். நேற்று ஸ்டெப்னி மாற்றும்போது பார்த்தால், இடது முன்சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ். என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதானே ஆக்ஸில் ஷாஃப்ட், அதன் சக்கரப் பக்கத்து ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டின் மடிப்பில் விரல் நீளக் கிழிசல். சத்தம் ஏதும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் முழு ஷாஃப்ட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மழை வேறு விட்டபாடில்லை.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்:
தம்பி, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாக வட்டமடித்துப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்டால் ஜாயின்ட் தேய்ந்தாயிற்று, பூட் மாற்றுவது வீண். கேட்காவிட்டால் கழற்றி, பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மண் புகுந்திருக்கிறது. நன்றாகக் கழுவி, ஜாயின்ட்டுக்குள் இரும்புக் குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழி இல்லையா, புது பூட், புது கிளாம்ப், மாலிப்டினம் கலந்த கிரீஸ் போதும். கையில் கிடைத்த வீல் பேரிங் கிரீஸை அப்ப விடாதீர்கள். ஷாஃப்ட் நுனியைச் சக்கரத்தின் நடுவில் இறுக்கும் ஹப் நட்டும் புதிது போடுங்கள். அவசரத்துக்கு ஒட்டுகிற பிளவு பூட் வேண்டாம். கொண்டை ஊசி வளைவுக்கு அது தாங்காது என்பது என் அனுபவம்.

ஊட்டி வாத்தியார்:
நானும் சத்தமில்லையே என்று இரண்டு மாதம் ஓட்டினேன். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் ஏறி இறங்கினேன். கடைசியில் ஷாஃப்ட்டுக்கே தண்டம் அழுதேன்.

குன்னூர்க்காரன்:
வட்டமடித்துப் பார்த்தேன் அண்ணா, சத்தமில்லை. சனிக்கிழமை கழற்றச் சொல்லிவிட்டேன். பக்கத்திலேயே நின்று, குழி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். அதுவரை பஸ்தான்.