சோலையை மீட்க ஆள் வைத்தவர்கள் வாங்க, அனுபவம் சொல்லுங்க

கட்டபெட்டுக்காரன்:

நீலகிரியில் அப்பா காலத்துத் தேயிலை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததும் பறிப்பதை விட்டுவிட்டோம். ஓடையை ஒட்டிய மூன்று ஏக்கர் இப்போது உண்ணிச்செடியும் (லன்டானா) சீகை மரமுமாகக் கிடக்கிறது, இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்து பரவியவை. மறுபடி தேயிலை வைக்க எனக்கு மனமில்லை, சோலைக்கே, அதாவது இந்த மலையின் பூர்வீகக் காட்டுக்கே, விட்டுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஆள் தேடும்போதுதான் தெரிகிறது, தடுப்புச்சுவர் கட்ட ஊருக்கு ஊர் கான்ட்ராக்டர் இருக்கிறார், இதற்கு இல்லை.

முதலில் வந்தவர் காரை விட்டே இறங்கவில்லை. "ஜேசிபி விட்டா ரெண்டு நாள் சார், வேரோட பேத்துடலாம்." இந்த மாவட்டத்தில் கலெக்டர் அனுமதி இல்லாமல் அதை இறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. "அத நான் பாத்துக்கறேன்" என்றார். 2009 நவம்பர் மழையில் இங்கே மலை எப்படிச் சரிந்தது என்று பார்த்தவன் எவனும் ஐப்பசிக்கு முன்னால் ஒரு சரிவைக் கிளறிப் போட மாட்டான். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் காசே வேண்டாம் என்றார். "மரத்த மட்டும் நான் எடுத்துக்கறேண்ணே." கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது எடை நிற்கிற அடிமரம். கிளையும் தழையும் உண்ணியும் நமக்கு. மரத்தைச் சரிவில் இழுத்துக்கொண்டு போகும்போது கீழே முளைத்திருக்கிற கன்றெல்லாம் போய்விடும். நடக்க நடக்க இன்னொன்றும் கவனித்தேன். சீகையோடு நிற்காமல் ஓடையோரத்து நாவல் மரத்தையும் கையால் அணைத்து அளந்து பார்த்தார்! மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. பட்டா நம் பேரில் இருந்தாலும் கலெக்டர் தலைமையிலான கமிட்டியின் அனுமதி வேண்டும். வழக்கு வந்தால் மாட்டுவது பட்டாதாரர்தான், லாரிக்காரர் இல்லை.

மூன்றாவதாக வந்தவர் எஸ்டேட்டில் கவாத்து வேலை பார்த்த மேஸ்திரி. விலை பேசுவதற்கு முன்னால் களைக்கொத்தை எடுத்து ஒரு உண்ணித் தூரைச் சுற்றி மண்ணை விலக்கினார். மண்ணுக்குச் சற்று கீழே, தூரும் வேரும் சேர்கிற இடத்துக்கு அடியில், ஒரே வெட்டு. செடியைத் தலைகீழாகப் புரட்டி, வேர் மண்ணில் படாதபடி பக்கத்துப் புதர் மேல் போட்டார். "மேல வெட்டினா பத்தாத் துளிர்க்கும் சார்." டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு உண்ணியை ஒழிக்கச் சொன்ன முறை இதேதான். இவருக்கு அது கைப்பழக்கம். புரட்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு செண்பகக் கன்று நின்றது. "ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசினீங்கன்னா இது மிதிபடும். நாள்கூலி போடுங்க" என்றார். போட்டேன். செலவு கூடத்தான். இடம் பாதிதான் முடிந்திருக்கிறது.

பூம்பாறைப் பெண்:

அண்ணா, நாள்கூலி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. கொடைக்கானல் பக்கம் எங்கள் தலைவலி வாட்டில்தான், நீங்கள் சீகை என்கிறீர்களே, அது. பக்கத்து நிலத்துக்காரர் அனுமதி வாங்கி மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டக் கொடுத்தார். கான்ட்ராக்டர் சுத்தமாக வெட்டி, கழிவை அங்கங்கே குவித்துக் கொளுத்திவிட்டுக் காசோடு போனார். மழை வந்ததும் வாட்டில் முளைத்தது பாருங்கள், நாற்றங்கால் விட்டது போல! தீ வைத்த வட்டங்களில்தான் ரொம்ப அடர்த்தி. வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், சூடு பட்டால் ஓடு வெடித்து எழும்பும். இது தெரியாதவருக்குத் தீப்பெட்டி கொடுக்கக் கூடாது.

பழைய வாட்டில் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வருவதை இந்த மலையில் நிறைய இடத்தில் பார்க்கலாம். அதனால் நாங்கள் மொத்தமாக வெட்டவில்லை. கன்று தென்படுகிற இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு மரம் எடுத்தோம், சிலதைச் சுற்றிப் பட்டை உரித்து நின்றபடி காய விட்டோம். அனுமதி மனுவில் அதையும் சேர்த்தே எழுதினோம். நிழல் மெதுவாகக் குறைந்தால் மார்கழி, தை உறைபனிக்கும் கன்று தாங்கும். வெட்டவெளியில் வைத்த கன்று ஒரே ராத்திரியில் கருகிவிடும்.

பணத்தை இப்படிப் பிரித்தோம்: வெட்டும்போது மூன்றில் ஒரு பங்கு, மீதி அடுத்த இரண்டு வருஷக் களையெடுப்புக்கு. இதைக் கேட்டதும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும். நாற்றுக்கு நர்சரியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சோலை மரம் விதையிலிருந்து நடுகிற அளவுக்கு வரவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பாப் ஸ்டூவர்ட், தன்யா பால்கர் தொடங்கிய கொடைக்கானல் வட்டக்கானல் டிரஸ்ட் சோலை நாற்று வளர்க்கும் இந்த வேலையை வருஷக்கணக்கில் செய்தது. "நாளைக்கே ஆயிரம் நாற்று இறக்கறேன்" என்பவரிடம் என்ன மரம் என்று கேளுங்கள். எங்களிடம் சில்வர் ஓக் என்றார், அது சோலை மரமே இல்லை!

குன்னூர் மேஸ்திரி:

எல்லாரும் கான்ட்ராக்டரையே திட்டறீங்க, நானும் ஒன்னு சொல்றேன். வெட்டுறதுக்குக் காசு குடுக்கற ஓனர், களையெடுக்கக் கூப்பிட்டா போன எடுக்கறதில்ல. "வெட்டியாச்சே, இன்னும் என்ன?"ன்னு கேப்பாங்க. சென்னையிலேர்ந்து வர்றவங்களுக்கு எடம் கூட்டிவிட்ட மாதிரி இருக்கணும். காஞ்ச தழைய மண்ணு மேல பரப்பி வைக்கறோம், அது மண்ணப் புடிக்கும், ஈரம் நிக்கும். அவங்களுக்கு அது குப்ப. ஒருத்தர் ஆள் விட்டுக் கூட்டியே எடுத்துட்டார். அடுத்த மழையில மேல்மண்ணு ரோட்டுல கெடந்துச்சு.

ஆளுங்க விஷயம். கேரட் அறுப்பு இருக்கற நாள்ல எங்களுக்கு ஆள் வராது. நடுராத்திரியே வண்டி ஏறிப் போயிடுவாங்க, விடியறதுக்குள்ள மேட்டுப்பாளையம் லோடு போகணும்ல. அங்க கூலி ஜாஸ்தி. "நேத்து ஏன் வரல"ன்னு கத்துறதுக்கு முன்னால அத நெனைங்க. அட்டக் கடிச்சு, உண்ணி முள்ளு கிழிச்சுத்தான் வேல செய்யறோம். பூட்ஸும் கையுறையும் வாங்கித் தந்த ஓனர் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான்.

எமரால்டு ராஜு:

சின்ன கேள்வி. எங்கள் இடம் சரிவுப் புல்வெளி, சோலை கிடையாது. ஒரு கம்பெனி வந்து ட்ரோன் விட்டுப் படமெல்லாம் எடுத்து, "காலி நிலம்" என்று எழுதி, முழுக்க மரம் வைக்க எஸ்டிமேட் தந்திருக்கிறது. வைக்கலாமா?

கட்டபெட்டுக்காரன்:

வைக்காதீங்க ராஜு. புல்வெளி இங்கே பூர்வீகம், சோலை பள்ளத்தில்தான் நிற்கும். குறிஞ்சி பூப்பதும் அந்தச் சரிவில்தான். பெரிய அளவில் 2018இல் பூத்தது, மரம் வைத்தால் 2030க்கு உங்கள் இடத்தில் பூக்க ஒன்றும் இருக்காது. கிக்கூயு என்ற வெளிநாட்டுப் புல்லும் சீகைக் கன்றும் இருந்தால் அதைப் பிடுங்க மட்டும் ஆள் வையுங்கள். வெற்றிடத்தில் நாட்டுப் புல்லைத் தூராகப் பிரித்து நடலாம். எஸ்டிமேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புல்லை அடையாளம் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து காட்டுங்கள்.

மேஸ்திரி அண்ணே, பூட்ஸ் விஷயம் உறைத்தது. நம்ம ஆட்களுக்கு எந்த சைஸ் என்று கேட்டு வாங்கிவிடுகிறேன். கேரட் சீசன் எப்போது ஓயும் என்று சொன்னால் மீதிப் பாதிக்கு உங்களையும் ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்வேன்.