சவாசனத்தில் முகத்தில் தண்ணீர் விழுந்த கதை: பூங்காவில் யோகா செய்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கொலுசுப் பட்டறையில் இருபது வருடமாகத் தரையில் உட்கார்ந்து, குனிந்தபடியே பற்ற வைக்கிற வேலை எனக்கு. போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. மருந்து, பிசியோதெரபி எல்லாம் முடிந்த பிறகு, "மெதுவா நீட்டி மடக்குங்க, வலிச்சா நிறுத்திடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். சிவதாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் காலை நீட்டினால் பீரோ, கையை நீட்டினால் தையல் மிஷின். அதனால்தான் பூங்கா.

சூரமங்கலம் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பூங்காவுக்குக் காலை ஐந்தே முக்காலுக்கே போய்விடுவேன். சித்திரை, வைகாசியில் ஏழரை ஆனாலே நம் சேலத்து வெயில் முதுகில் உறைக்க ஆரம்பித்துவிடுமே. இருட்டு முழுதாகப் பிரியாத நேரத்தில் ஏற்காடு மலைப்பாதையில் வண்டி விளக்குகள் வளைவில் மறைந்து மறைந்து இறங்குவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே தாடாசனத்தில் நிற்பேன். அப்புறம் கையும் முழங்காலும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது. மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மார்போடு அணைப்பது. அப்படியே படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், பாதி உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு, அவ்வளவுதான்.

முதல் வாரம் நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "இன்னும் குனிங்க, கை தரையைத் தொடணும்" என்றார் ஒருவர். தொட்டால் மறுநாள் பட்டறைக்கு யார் போவது?

ஒரு நாள் எல்லாம் முடித்துவிட்டு, கண் எரிச்சலுக்கு ஈரக் கைக்குட்டையைக் கண்மேல் போட்டுச் சவாசனத்தில் கிடந்தேன். "கண்ணு... யம்மா கண்ணு..." என்று தூரத்தில் குரல். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அசையவில்லை. சளேரென்று முகத்தில் தண்ணீர். அலறிக்கொண்டு எழுந்தால், பூங்கா கூட்டுகிற அம்மா, கையில் காலி வாளி. என்னைவிட அதிகமாக அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார். "பேச்சு மூச்சு இல்லாம கெடந்தியே கண்ணு, மயக்கமாயிட்டேன்னு நெனச்சேன்."

ஈரத் துணியோடு இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தோம். சும்மா படுத்துக்கிடப்பதற்கு ஒரு பேர் வேறு இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் தன் இடுப்பைக் காட்டினார். கட்டை விளக்குமாறு, நாள் முழுக்கக் குனிவு. இரண்டு பேருக்கும் வலி ஒரே இடம். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று, முழங்காலை லேசாக மடக்கி முதுகை நீட்டச் சொன்னேன். எனக்கு பிசியோதெரபியில் சொல்லித் தந்ததுதான். முதல் மூச்சிலேயே "ஹா" என்றார். தினமும் நான் போகும்போது இரண்டு நிமிஷம் செய்கிறார், புடவையைச் செருகிக்கொண்டு.

இப்போதெல்லாம் படுப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: "அம்மா, படுக்கப் போறேன்."

"சரி கண்ணு, வாளி அங்கதான் இருக்கு."

ஏற்காட்டிலிருந்து ஒருவர்:

அக்கா, உங்களுக்குத் தண்ணீர், எனக்குக் குரங்கு. ஏரிப் பக்கம் விரிப்பைப் போட்டுக் குப்புற மகராசனத்தில் இருந்தேன். செருப்புக்குள் வைத்திருந்த கண்ணாடிக் கூட்டை ஒன்று எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிட்டது. கூட்டைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டது, மூக்குக் கண்ணாடி தப்பித்தது. சாப்பிடுகிற பொருள் எதுவும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. இங்கே உயரம் 1,500 மீட்டருக்குப் பக்கம். மார்கழியில் புல் எட்டு மணி வரை பனியில் நனைந்தே கிடக்கும், உடம்பு விறைப்பாக இருக்கும். பத்து நிமிஷமாவது நடந்துவிட்டுத்தான் விரிப்பைத் தொடுவேன். கீழேயிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, வண்டியை விட்டு இறங்கியதும் குனியத் தொடங்கும் சுற்றுலாக்காரர்களைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றும்.

அழகாபுரத்திலிருந்து:

சரிவான புல்தரை என்றால் தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும். எனக்கு பிபி உண்டு, இடுப்பைத் தூக்கும் ஆசனங்களை டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். கட்டெறும்புப் புற்றைப் பார்த்து விரியுங்கள், அது என் சொந்த அனுபவம், விவரம் வேண்டாம்.

ஒரு கேள்வி. அந்தம்மாவுக்கு ஆசனத்தைவிட நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு உபயோகமாக இருக்காதா?

முதலில் எழுதியவர்:

நியாயமான கேள்வி. இன்று காலை அவரிடமே கேட்டேன். பாதைக்கு மூங்கில் கழியில் கட்டினது ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறாராம். செடிக்குள்ளே விழுந்த சருகும், பெஞ்சுக்கு அடியில் கிடக்கும் தின்பண்டக் கவரும் அதில் வராதாம். அதற்குக் குனிந்துதான் ஆக வேண்டும் என்றார்.